ஃபார்ம்வில்: மாணவர் தொடுத்த வழக்கும் தம்பி தங்கையர் கொடுத்த விலையும்

பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த பிரவுன் தீர்ப்பு, ஒரே ஒரு வழக்கில் எழுந்ததன்று. கான்சஸ், தென் கரோலைனா, வர்ஜீனியா, டெலவேர் ஆகிய நான்கு மாநிலங்களின் வழக்குகளை ஒன்றுசேர்த்து அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது. தலைநகர் வாஷிங்டனிலிருந்து வந்த ஐந்தாவது வழக்குக்கு அதே நாளில் தனியே தீர்ப்புச் சொல்லப்பட்டது. இந்த ஐந்தில் வர்ஜீனியா வழக்கு மட்டுமே பள்ளி மாணவர்கள் தாங்களே திட்டமிட்டு நடத்திய வகுப்புப் புறக்கணிப்பிலிருந்து பிறந்தது. ஃபார்ம்வில் என்ற ஊரைச் சேர்ந்த அந்த மாணவர்களின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி நிறுத்துவது அந்த மாணவர்களுக்கும், அவர்களுக்குப் பின் அதே ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதி என்பது என் கருத்து. 1951 முதல் 1964 வரையிலான பதின்மூன்று ஆண்டுகளையும் ஒரே நிகழ்வாக வைத்துப் பார்த்தால்தான், இளையோரின் போராட்டம் எதைச் சாதித்தது, எதை அதனால் தனியே சாதிக்க முடியவில்லை என்பது தெளிவாகும்.

தார்த்தாள் கொட்டகைகள்

வர்ஜீனியாவின் தென்பகுதியில் புகையிலை விளையும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைமை ஊர் ஃபார்ம்வில். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 1939-இல் கட்டப்பட்ட ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி, 180 மாணவர்களுக்கென்றே அமைக்கப்பட்டது. 1951-இல் அங்கே படித்தவர்கள் 450 பேருக்கும் மேல். உடற்பயிற்சிக் கூடமும் உணவுக்கூடமும் அறிவியல் ஆய்வகமும் அந்தப் பள்ளியில் இல்லை. புதிய கட்டடம் வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க, வெள்ளையர் மட்டுமே அங்கம் வகித்த பள்ளி வாரியம் நிலம் பார்க்கிறோம், நிதி பார்க்கிறோம் என்று காலம் கடத்தியது. இடப்பற்றாக்குறைக்குத் தற்காலிகத் தீர்வாக மரச்சட்டங்களின் மீது தார் பூசிய தாளைப் போர்த்தி வளாகத்திலேயே சில கொட்டகைகளை எழுப்பிக் கொடுத்தது.

அந்தக் கொட்டகைகளைக் கோழிக்கூண்டு என்று மாணவர்கள் சொன்னார்கள். சாலையில் போனவர்கள் உண்மையிலேயே அப்படி எண்ணியதும் உண்டு. குளிர்காலத்தில் உள்ளே ஓர் அடுப்பு எரியும். அதன் அருகில் உட்கார்ந்தவர்களுக்குத் தாங்க முடியாத வெக்கை. எட்டி உட்கார்ந்தவர்கள் மேலங்கியைக் கழற்றாமலே பாடம் கேட்டார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகியது, சிலர் வகுப்புக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டார்கள். வெள்ளையர் பள்ளியில் பயன்படுத்திக் கழித்த பேருந்துகளே இவர்களை ஏற்றிச் செல்ல வந்தன. 1896 முதல் நாடு முழுவதும் சட்டமாக நிலவிய ‘தனித்தனி, ஆயினும் சமம்’ என்ற கோட்பாட்டின்படி இந்தப் பள்ளியும், அதே ஊரில் வெள்ளையருக்கென்றிருந்த செங்கல் கட்டடப் பள்ளியும் சமமானவை.

திங்கட்கிழமை கூட்டம்

பார்பரா ரோஸ் ஜான்ஸ் 1935-இல் நியூயார்க்கில் பிறந்து, பிரின்ஸ் எட்வர்டில் உறவினரிடையே வளர்ந்தவர். வீட்டில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அவருடைய தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ், அலபாமாவின் மான்ட்கோமரியில் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் போதகராக இருந்தவர். அந்தப் பொறுப்புக்கு அவருக்குப் பின் வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங். பள்ளியின் நிலை குறித்துத் தன் இசை ஆசிரியை ஐனெஸ் டேவன்போர்ட்டிடம் பார்பரா ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டபோது, அதற்கு நீயே ஏதேனும் செய்தால் என்ன என்று ஆசிரியை கேட்டார். முதலில் அந்தக் கேள்வி பார்பராவை நோகச் செய்தது; பிறகு அது அவரை விடவே இல்லை.

அவர் உடனே எதையும் செய்துவிடவில்லை. மாணவர் மன்றத்தில் செல்வாக்குள்ள சிலரை, குறிப்பாக கேரி ஸ்டோக்ஸையும் அவருடைய சகோதரர் ஜான் ஸ்டோக்ஸையும், தனித்தனியே அழைத்துப் பேசினார். மாதக்கணக்கில் அந்தச் சிறு குழு இரகசியமாகக் கூடியது. பெற்றோருக்குத் தெரிந்தால் பயந்து தடுப்பார்கள், ஆசிரியர்களுக்குத் தெரிந்தால் அவர்களின் வேலை போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் நடந்ததைப் பார்க்கும்போது, ஆசிரியர்களை ஒதுக்கி வைத்ததில் அந்தப் பிள்ளைகள் காட்டிய முன்யோசனையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1951 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. முற்பகலில் தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது: பள்ளி மாணவர்கள் இருவர் கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் காவலர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அவர் பதறிப் புறப்பட்டுப் போனார். அவர் வெளியேறிய கையோடு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குறிப்புச் சீட்டுப் போனது. எல்லோரும் கலையரங்கத்துக்கு வர வேண்டும் என்று அதில் எழுதி, தலைமையாசிரியர் வழக்கமாகப் போடும் ஓரெழுத்துக் கையொப்பம் கீழே இடப்பட்டிருந்தது. அந்தக் கையொப்பம் பார்பரா போட்டது. அரங்கம் நிறைந்ததும் திரை விலகியது. மேடையில் தலைமையாசிரியருக்குப் பதிலாகப் பதினாறு வயதுப் பெண் நின்றிருந்தார். ஆசிரியர்கள் வெளியேற வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். சிலர் தயங்கியபோது காலிலிருந்த காலணியைக் கழற்றிப் பலகையில் ஓங்கித் தட்டினார். அதன்பின் அவர் பேசியது நீண்ட உரையன்று: நாம் அனைவரும் சேர்ந்து வெளியேறினால் நம் எல்லோரையும் அடைக்க இந்த ஊர்ச் சிறையில் இடம் போதாது, புதிய பள்ளி கிடைக்கும்வரை வகுப்புக்குத் திரும்ப வேண்டாம் என்பதே அதன் சாரம். மாணவர்கள் அவரோடு வெளியேறினார்கள். மறியல் இரண்டு வாரம் நீடித்தது.

சீட்டு, கையொப்பம், தொலைபேசி அழைப்பு என்ற தந்திரங்களே இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படுகின்றன. அவற்றைவிட முக்கியமான வேறொன்று அன்றே நடந்தது. பார்பராவும் கேரி ஸ்டோக்ஸும் அன்று ரிச்மண்டிலிருந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவருக்கும் கடிதம் எழுதி உதவி கேட்டார்கள். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கமாகிய என்.ஏ.ஏ.சி.பி.-யின் சார்பில் வர்ஜீனியா முழுவதும் வழக்காடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வகுப்பைவிட்டு வெளியேறுவது தொடக்கம் மட்டுமே, அடுத்த அடியை வைக்க ஊரும் சட்டமும் வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் முதல் நாளிலேயே உணர்ந்திருந்தார்கள்.

கோரிக்கை மாறிய இடம்

பள்ளிக் கண்காணிப்பாளரைச் சந்திக்கச் சென்ற மாணவர் குழுவுக்கு உருப்படியான உறுதி எதுவும் கிடைக்கவில்லை. ஏப்ரல் 25 அன்று வழக்கறிஞர்கள் இருவரும் ஃபார்ம்வில்லுக்கு வந்தார்கள். வேறொரு வழக்குக்காகச் செல்லும் வழியில் அங்கே இறங்கிய அவர்கள், பிள்ளைகளை நயமாகப் பேசி வகுப்புக்குத் திருப்பி அனுப்பும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார்கள். ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவர்களுக்காகக் காத்திருந்த மாணவர்களின் ஒழுங்கையும் உறுதியையும் கண்டபின், போகச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்கள். வெள்ளையர் பள்ளிக்கு இணையான புதிய கட்டடம் கேட்டு இனி வழக்கு நடத்துவதில்லை என்று என்.ஏ.ஏ.சி.பி. முடிவு செய்திருந்தது; பிரிவினையையே ஒழிக்கக் கேட்பதானால், பெற்றோரும் அதற்கு உடன்படுவதானால், வழக்கை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இந்த ஆய்வில் என்னை மிகுதியும் நிறுத்தி யோசிக்க வைப்பது இந்தக் கட்டம்தான். மாணவர்கள் கேட்டது ஒரு கட்டடம். அவர்களுக்கு முன் வைக்கப்பட்டதோ, வர்ஜீனியாவின் சமூக அமைப்பு முழுவதையும் எதிர்த்து நிற்கும் ஒரு வழக்கு. பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அன்றே வெள்ளையர் தரப்பு குற்றம் சாட்டியது. வெளியிலிருந்து வந்தவர்கள் தூண்டிவிட்டார்கள் என்று சொல்வது ஆள்பவர்களுக்கு எப்போதும் வசதியானது. நடந்த வரிசை அந்தக் குற்றச்சாட்டைப் பொய்யாக்குகிறது. அழைத்தவர்கள் மாணவர்கள், தயங்கி வந்தவர்கள் வழக்கறிஞர்கள். நிபந்தனையைக் கேட்ட பிறகும் மாணவர்கள் தங்களுக்குள் பேசி, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி, ஒத்துக்கொண்டார்கள். மே 3 அன்று அதே தேவாலயத்தில் நடந்த பெருங்கூட்டத்தில், அந்தப் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, புதிய பள்ளிதானே கேட்டோம், பிரிவினை ஒழிப்பு எங்கிருந்து வந்தது என்று ஐயம் எழுப்பியபோது கூட்டம் தடுமாறியது. அவருக்கு மறுமொழி சொல்லி, தங்களை நம்பும்படி ஊரைக் கேட்டுக் கூட்டத்தை மீட்டவர் பார்பரா. கூட்டத்தை நடத்திய போதகர் பிரான்சிஸ் கிரிஃபின், தேவாலயத்தின் முழு ஆதரவையும் மாணவர் பக்கம் வைத்தார். அவர் இல்லாமல் அந்த ஊரில் எதுவும் நிலைத்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

மே 7 அன்று மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். மே 23 அன்று 117 மாணவர்களின் சார்பில் வழக்குத் தாக்கலானது. மனுதாரர் பட்டியலில் முதலில் இருந்த பதினான்கு வயது டோரதி டேவிஸின் பெயரால் அது ‘டேவிஸ் எதிர் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளி வாரியம்’ என்று வழங்கப்படுகிறது.

விலை உடனே வசூலிக்கப்பட்டது. கறுப்பினத்தவரை மிரட்ட வெள்ளை இனவெறியர் கையாண்ட வழக்கப்படி, பள்ளி வளாகத்தில் சிலுவை கொளுத்தப்பட்டது. மாணவர்களின் திட்டத்தில் பங்கே இல்லாத ஜோன்ஸ் தலைமையாசிரியர் பதவியை இழந்தார். மகளின் உயிருக்கு அஞ்சிய பெற்றோர் பார்பராவை மான்ட்கோமரிக்கு வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். தான் தொடங்கிய போராட்டம் நீதிமன்றம் ஏறிய காலத்தில் அவர் வேறொரு ஊரில் பள்ளி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தார்.

1952 பிப்ரவரியில் ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி அமர்வு வழக்கை விசாரித்தது. பிரிவினை பிள்ளைகளின் மனத்தில் ஏற்படுத்தும் சேதம் குறித்து உளவியலாளர் கென்னத் கிளார்க் சாட்சியம் அளித்தார். பிரிவினையால் எந்த இனத்துக்கும் ஊறு இல்லை என்று சொல்லி நீதிபதிகள் மூவரும் ஒருமித்து மனுவைத் தள்ளினார்கள். கட்டட வசதிகளைச் சமப்படுத்த மட்டும் உத்தரவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நிதியில்லை என்று சொல்லிவந்த கவுண்டி, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவசரத்தில், 1953-இல் புதிய மோட்டன் பள்ளியைத் திறந்துவைத்தது. 1951 ஏப்ரலில் மாணவர்கள் கேட்ட கட்டடம் அது. அதற்குள் கேள்வி கட்டடத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

பூட்டிய ஐந்தாண்டு

பிரவுன் தீர்ப்பு வந்த மறு ஆண்டு, 1955 மே 31 அன்று, அதை நடைமுறைப்படுத்தும் முறை குறித்த இரண்டாம் உத்தரவில், நிதானம் குன்றாத விரைவோடு செய்ய வேண்டும் என்ற பொருளில் ஒரு தொடரை உச்ச நீதிமன்றம் பயன்படுத்தியது. கால எல்லை குறிப்பிடப்படவில்லை. செனட்டர் ஹாரி பேர்டின் தலைமையில் வர்ஜீனியாவின் அரசியல் வட்டம் பெருந்திரள் எதிர்ப்பு என்ற பெயரில் ஒரு கொள்கையை வகுத்து, கிடைத்த இடைவெளி முழுவதையும் பயன்படுத்திக்கொண்டது. பிரின்ஸ் எட்வர்ட் 1959 செப்டம்பருக்குள் பள்ளிகளை ஒருங்கிணைக்க வேண்டும் என்று 1959 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டவட்டமாக உத்தரவிட்டது. அடுத்த மாதம் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு கூடி, பொதுப் பள்ளிகளுக்கான வரியை விதிப்பதில்லை, நிதி ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தது. அதனால் கவுண்டியிலிருந்த பொதுப் பள்ளிகள் ஒன்றுவிடாமல் மூடப்பட்டன. இந்த முடிவு ஐந்து ஆண்டு நிலைத்தது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளிகளின் செலவில் கணிசமான பங்கை உள்ளூர்ச் சொத்து வரி தாங்குகிறது. வரியை விதிப்பதும் விடுவதும் உள்ளூர்க் குழுவின் கையில் இருந்தது. பிரிவினையோடு பள்ளி நடத்தாதே என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளி நடத்தியே ஆக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை என்பது அந்தக் குழுவின் வாதம். வெள்ளையர் பிள்ளைகளுக்கு பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளி உடனே எழுந்தது. முதலில் தேவாலயங்களிலும் மன்றக் கூடங்களிலும் நடந்த அந்தப் பள்ளிக்கு, மாநிலத்தின் கல்விக் கட்டண மானியமும் கவுண்டியின் வரிச் சலுகையும் கைகொடுத்தன. கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேருக்குப் பள்ளியே இல்லை. தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளையர் பிள்ளைகள் சிலரும் அவர்களோடு சேர்ந்து வீதியில் நின்றார்கள்.

கறுப்பினத்தவருக்கும் இதேபோல் தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் தலைவர்கள் சிலர் முன்வந்தார்கள். ஏறத்தாழ எவருமே விண்ணப்பிக்கவில்லை. ஏற்றுக்கொண்டால் வழக்கின் அடித்தளமே சரிந்துவிடும் என்பது ஊராருக்குத் தெரியும். பிள்ளைகளின் கல்வியைப் பணயம் வைத்த முடிவு என்று அதை இன்றைக்கு எளிதாகக் குறை சொல்லலாம். பணயம் வைத்தவர்கள் வரியை நிறுத்தியவர்கள்தாம் என்பதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆனாலும், அந்த முடிவின் சுமையைச் சுமந்தவர்கள் 1951-இல் கலையரங்கத்தில் இருந்தவர்கள் அல்லர், அவர்களுடைய தம்பிகளும் தங்கைகளும் என்பது உண்மை. அன்று வெளியேறுவது என்று தீர்மானித்தவர்களுக்கு ஒரு தேர்வு இருந்தது. 1959-இல் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய ஆறு வயதுக் குழந்தைக்கு எந்தத் தேர்வும் இருக்கவில்லை.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. உயர்நிலை வகுப்பை முடிக்க வேண்டியிருந்த ஏறத்தாழ 60 பேரை வட கரோலைனாவிலுள்ள கிட்ரெல் கல்லூரி ஏற்றுக்கொண்டது.  குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் அமைப்பான அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு, மாணவர்களை வேறு மாநிலங்களில் முன்பின் அறியாத குடும்பங்களின் வீடுகளில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. உறவினர் வீடுகளுக்குப் பக்கத்துக் கவுண்டிகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர். ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் மூன்று நான்கு ஊர்களில் சிதறிக் கிடந்தது அரிதன்று. எஞ்சியவர்களுக்காகத் தேவாலயங்களின் கீழ்த்தளங்களில் பயிற்சி மையங்கள் நடந்தன. அவற்றைப் பள்ளி என்று அழைக்கக் கூடாது என்பதில் கிரிஃபின் கண்டிப்பாக இருந்தார். பள்ளி என்று பெயர் வைத்துவிட்டால், கறுப்பினத்தவருக்குப் பள்ளி இருக்கிறதே என்று கவுண்டி நீதிமன்றத்தில் சொல்லிவிடும் என்பதே காரணம். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் எந்த மையத்துக்கும் எந்த ஊருக்கும் முறையாகப் போகாமல், புகையிலை வயலில் வேலை செய்துகொண்டோ இளையவர்களைப் பார்த்துக்கொண்டோ அந்த ஆண்டுகளைக் கழித்தார்கள்.

இரண்டாம் தலைமுறை தெருவுக்கு வருகிறது

1963 கோடையில், பள்ளி பூட்டப்பட்டபோது சிறுவர்களாக இருந்தவர்கள் வளர்ந்து முன்னணிக்கு வந்தார்கள். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி அளிக்க, ஃபார்ம்வில் கடைவீதியில் மறியல் நடந்தது. பள்ளி இல்லாத ஊரில் பணம் செலவழிக்காதீர்கள் என்று வாங்குவோரிடம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளையர் தேவாலயங்களுக்கு வழிபடச் சென்றார்கள். உள்ளே விட மறுத்த இடத்தில் படிகளில் நின்று பாடியவர்களைக் காவலர்கள் தூக்கிச் சென்று கைது செய்தார்கள். அதே கோடையில் நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்து, கறுப்பினக் குடும்பங்களோடு தங்கி, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள்.

வாஷிங்டனின் கவனம் மெல்லத் திரும்பியது. இலவசப் பொதுக் கல்வி அளிக்காத இடங்களாக உலகில் எஞ்சியிருப்பவற்றைப் பட்டியலிட்ட தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி, கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் ஆகியவற்றோடு வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டையும் சேர்த்து 1963 மார்ச்சில் பேசினார். அந்த செப்டம்பரில் நன்கொடைகளின் துணையோடு இலவசப் பள்ளிச் சங்கம் ஏறத்தாழ 1,500 பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. கண்காணிப்பாளராக வந்த நீல் சல்லிவன், வயதைக் கொண்டு வகுப்புப் பிரிக்க முடியாது என்பதை உடனே கண்டுகொண்டார். பத்து வயதிலும் ஒரு நாள்கூடப் பள்ளியைக் காணாத பிள்ளைகள் இருந்தார்கள். ஆகவே வகுப்பு எண்களையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கினார்கள்.

1964 மே 25 அன்று, கிரிஃபினின் பிள்ளைகள் பெயரில் நடந்த வழக்கில், நிதானமான விரைவுக்கான காலம் முடிந்துவிட்டது என்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதினார். தேவைப்பட்டால் வரி விதிக்கும்படியே மேற்பார்வையாளர் குழுவுக்கு உத்தரவிடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1954-இன் தீர்ப்பில் இருந்த ஓட்டை இப்படித்தான் அடைபட்டது. செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தபோது, கறுப்பினப் பிள்ளைகளோடு சேர வந்த வெள்ளையர் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்கள் அகாடமியிலேயே இருந்தார்கள். அது கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள 1986 வரை ஆயிற்று.

பார்பரா ஜான்ஸ் பிலடெல்பியாவில் நூலகராகப் பணியாற்றி, ஐந்து பிள்ளைகளை வளர்த்து, 1991-இல் காலமானார். உரிமைப் போராட்டத்தின் பிரபலமான பெயர்களுள் ஒருவராக அவர் வாழ்நாளில் அறியப்படவில்லை. பழைய மோட்டன் பள்ளி 1998-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களின் படையை நடத்திய தளபதி ராபர்ட் லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டபோது, அந்த இடத்துக்கு மாநில ஆணையம் தேர்ந்தெடுத்தது பார்பராவை. இந்த மரியாதைகள் தகுதியானவை. ஆயினும் பள்ளி பூட்டப்பட்டதால் படிப்பை இழந்தவர்களுக்கு ஈடுசெய்ய மாநிலம் எடுத்த முதல் உருப்படியான நடவடிக்கை 2004-இல்தான் வந்தது: பள்ளி மூடலால் பாதிக்கப்பட்ட வர்ஜீனியர்கள் விட்ட படிப்பைத் தொடரக் கல்வி உதவித்தொகை அளிக்கும் சட்டம். அதற்கான 20 இலட்சம் டாலரில் பாதியைத் தந்தவர் ஒரு தனியார் செல்வந்தர். 1959-இல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. விண்ணப்பித்தவர்களுள், கல்லூரிப் பட்டத்துக்கு முன்னதாக உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வையே முதலில் எழுத வேண்டியிருந்தவர்களும் இருந்தார்கள்.